‘நீங்கதான் சார் தப்பா அமுக்கிட்டீங்க’: திரை வடிவமைப்போருக்கு ஒரு கையேடு

செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலை கிடைத்திருக்கிறதா? வாழ்த்துகள். பட்டன் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எது சிவப்பு எது பச்சை என்பதெல்லாம் இனி உங்கள் கையில். லட்சக்கணக்கானவர்கள் நீங்கள் காட்டிய இடத்தில் விரலை வைக்கப் போகிறார்கள். அவர்களில் பலர் தப்பாக வைக்கப் போகிறார்கள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தப்பு நடந்த பிறகு அந்த ஆள் யாரைத் திட்டுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். உங்களைத் திட்டினால் நீங்கள் இன்னும் கற்றுக்குட்டி. "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது, பையன் வந்ததும் கேட்டுக்கலாம்" என்று போனைக் கவிழ்த்து வைத்தாரானால் தொழில் கைவந்துவிட்டது.

இந்த நிலையை எட்ட அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது. கண் எதைக் கோட்டை விடும், விரல் எங்கே சறுக்கும், மூளை ஒரே நேரத்தில் எத்தனை எண்களைத் தாங்கும் என்றெல்லாம் உளவியல் ஆய்வாளர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக அளந்து, அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் இந்த அகலத்துக்கு மேல் இருந்தால் விரல் தவறாது என்று ஒருவர் எழுதிவைத்தால், அதற்குக் கீழே போனால் தவறும் என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறதே. நாம் படிக்க வேண்டியது அந்தப் பகுதியை.

முதலில் எதிரியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் அல்ஃபோன்ஸ் சபானிஸ். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்க விமானப்படைக்கு ஒரு தலைவலி. பி-17 குண்டுவீச்சு விமானம் பத்திரமாகத் தரையிறங்கும்; ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வயிறு தேய உட்கார்ந்துவிடும். தரையிறங்கியதும் விமானி மடக்க வேண்டியது இறக்கையில் உள்ள ஃபிளாப்பை. அவர் மடக்கியதோ சக்கரத்தை. கோப்பில் 'விமானியின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டார்கள். எவ்வளவு சுமுகமான ஏற்பாடு! 1943ல் சபானிஸ் என்ற இந்த இளம் உளவியலாளர் வந்து, விமானியின் மூளையை ஆராய்வதை விட்டுவிட்டு விமானி அறைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். ஃபிளாப்புக்கும் சக்கரத்துக்கும் ஒரே மாதிரி இரண்டு சுவிட்ச், பக்கத்தில் பக்கத்தில். வேறு வகை விமானங்களை ஓட்டியவர்களுக்கு இந்த வியாதி இல்லை. சக்கரச் சுவிட்சின் நுனியில் குட்டி ரப்பர் சக்கரம் ஒன்றையும், ஃபிளாப் சுவிட்சின் நுனியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டையும் மாட்டினார். இருட்டில் தொட்டாலே தெரிந்தது. அந்த விபத்து நின்றுபோனது. இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

ஒரு ரப்பர் துண்டு எவ்வளவு பெரிய பொறுப்பை விமானியின் தலையிலிருந்து இறக்கி வடிவமைத்தவரின் தலையில் ஏற்றிவிட்டது, பார்த்தீர்களா? இது உங்களுக்கு நேரக் கூடாது. 1947ல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 'விமானியின் தவறு' என்று சொல்லப்பட்ட 460 சம்பவங்களைச் சேகரித்து வகை பிரித்தார்கள். முதலிடம் பிடித்தது, ஒரு கைப்பிடி என்று நினைத்து இன்னொன்றைப் பிடிப்பது. ஆகவே உங்கள் திரையில் 'சேமி', 'நீக்கு' இரண்டையும் ஒரே அளவில், ஒரே சாம்பல் நிறத்தில் ஒட்டி வையுங்கள். முடிந்தால் அடுத்த பதிப்பில் இடம் மாற்றி வையுங்கள். விரல் பழக்கத்தில் போகும். போகட்டும்.

அதே ஃபிட்ஸ் 1954ல் இன்னும் உபயோகமான காரியம் ஒன்று செய்தார். இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, கையில் ஒரு கோலைக் கொடுத்து, மாறி மாறித் தட்டச் சொன்னார். தகட்டின் அகலத்தையும் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே போனார். இலக்கு தூரமாகவும் குறுகலாகவும் ஆக ஆக, போய்ச் சேர நேரம் கூடுகிறது. எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு மடக்கைச் சூத்திரமே வந்தது. ஐபோனுக்குத் திரை எழுதுபவர்களுக்கு ஆப்பிள் சொல்லும் பட்டனின் குறைந்தபட்ச அளவு 44 புள்ளி. ஆண்ட்ராய்டு 48 என்கிறது. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறியை நீங்கள் எந்த அளவில் வைக்க வேண்டும் என்று இப்போது புரிந்திருக்கும். கணினியில் திரையின் ஓரத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு ஓரத்தைத் தாண்டாது, தானாகப் பட்டனில் போய் நின்றுவிடும். ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, காற்றில் மிதப்பது மாதிரி வையுங்கள்.

இதில் உச்சம், பக்கம் பாதி வந்திருக்கும்போது பட்டனைக் காட்டிவிட்டு, விரல் இறங்கும் நேரத்தில் மேலே ஒரு விளம்பரத்தை நுழைத்து எல்லாவற்றையும் கீழே தள்ளுவது. பாவம் ஃபிட்ஸ், அவருடைய தகடுகள் அசையாமல் இருந்தன.

அடுத்தது நினைவு. ஜார்ஜ் மில்லர் 1956ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது, பெரும்பாலோர் படிக்காதது. உடனடி நினைவில் ஏழு சங்கதி நிற்கும், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்றார். 2001ல் நெல்சன் கோவன் வந்து, அதெல்லாம் அதிகம், நாலுதான் தேறும் என்று குறைத்தார். நமக்கு வரும் ஓடிபியில் எத்தனை இலக்கம்? ஆறு. நாலுக்கு மேல், ஏழுக்குக் கீழ். மனப்பாடம் செய்துவிடலாம் என்று நம்பிக்கை தரும் அளவு, ஆனால் திரை மாறியதும் கடைசி இரண்டு இலக்கம் கரைந்துபோகும் அளவு. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். திட்டமிட்டிருந்தால் அவருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

இதை நேரில் பார்த்தால்தான் அருமை தெரியும். என் பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பேரப்பிள்ளைக்குப் பணம் அனுப்ப, ஒரு வங்கியின் செயலியில் புதிதாகக் கணக்கு சேர்க்க உட்கார்ந்தார். கணக்கு எண்ணை அடிக்க அடிக்க ஒவ்வொரு இலக்கமும் புள்ளியாக மாறியது. எல்லாம் மூடிக்கொண்டதால் அடித்தது சரியா என்று பார்க்க வழியில்லை. கீழே 'மீண்டும் உள்ளிடவும்'. அங்கே பேஸ்ட் செய்ய முடியாது. ரகசியம் காக்கிறார்களாம். அவருடைய பேரனின் கணக்கு எண்ணை அவரிடமிருந்தே. பிறகு ஐஎஃப்எஸ்சி குறியீடு, 11 எழுத்து.

"தம்பி, அஞ்சாவது என்னப்பா, பூஜ்யமா ஓ-வா?"

"பூஜ்யம் பெரியப்பா. எந்த பேங்க்கா இருந்தாலும் அஞ்சாவது பூஜ்யம்தான்."

"எல்லாத்துக்கும் அதேதான்னா என்னை எதுக்குப் போடச் சொல்றான்? அவனே போட்டுக்க வேண்டியதுதானே?"

இப்படிக் கேள்வி கேட்பவர்களை எப்படிக் கையாள்வது என்று பின்னால் சொல்கிறேன். அவர் முதலில் ஓ என்றுதான் போட்டிருந்தார். செயலி 'தவறான விவரம்' என்று சொன்னது. எந்த விவரம், எந்தக் கட்டத்தில் என்று சொல்லவில்லை. அவர் கணக்கு எண்ணில்தான் பிசகு என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் முறை ஓடிபி வந்தது. அறிவிப்பு மேலிருந்து சரிந்து வந்து ஓடிபி கட்டத்தையே மூடிக்கொண்டது. அதைத் தள்ளிவிட்டு, குறுஞ்செய்தியைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தால் 'பாதுகாப்பு கருதி உங்கள் செஷன் முடிக்கப்பட்டது'. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மனிதர், "வயசாயிடுச்சுப்பா எனக்கு" என்றார். முழு மதிப்பெண்.

இனி கவனத்துக்கு வருவோம். 1999ல் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் ஒரு வீடியோ காட்டினார்கள். சிலர் கூடைப்பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடுகிறார்கள். எத்தனை முறை பந்து கை மாறுகிறது என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒரு பெண் வந்து, நெஞ்சில் தட்டிக்கொண்டு, நிதானமாகப் போகிறாள். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அவள் கண்ணில் படவேயில்லை. எதையாவது எண்ணிக்கொண்டிருப்பவருக்கு வேறெதுவும் தெரியாது. ஓடிபிக்குப் பக்கத்தில் 30, 29, 28 என்று நொடிகள் இறங்குமே, அப்போதுதான் உங்கள் கொரில்லா நடந்து போக வேண்டும். 'வசதிக் கட்டணம்', 'பயணக் காப்பீடு', முன்கூட்டியே டிக் போட்ட கட்டம். எல்லாம் திரையிலேயே இருக்கும். மறைத்தோம் என்று எவரும் சொல்ல முடியாது.

பெரிதாக எழுதினால் பார்த்துவிடுவார்களே என்று பயமா? தேவையில்லை. ஜான் பென்வேயும் டேவிட் லேனும் 1998ல் பார்த்தது இது: இணையப் பக்கத்தில் ஒன்றைக் கட்டம் கட்டிப் பளபளவென்று வைத்தால், தேடி வந்தவர்களே அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், விளம்பரம் என்று நினைத்து. உங்கள் சட்டப் பிரிவு 'இதைக் கட்டாயம் தெரியும்படி போடுங்கள்' என்று நச்சரித்தால் மகிழ்ச்சியோடு ஆரஞ்சுக் கட்டத்துக்குள் போட்டுவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாது. இஷிஹாரா புள்ளி அட்டைகள் 1917லேயே வந்துவிட்டன. ஆகவே வெற்றிக்கு ஒரு புள்ளி, தோல்விக்கு ஒரு புள்ளி. வடிவத்திலோ எழுத்திலோ வித்தியாசம் வேண்டாம். எழுத்தின் நிறம் வெளிர் சாம்பல், பின்னணி அதைவிட வெளிர் சாம்பல். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற விகிதமாவது வேண்டும் என்று இணையத் தர விதி கேட்கிறது. வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்ப்பவருக்குத்தானே அது தேவை. நீங்கள் ஏசி அறையில் பெரிய மானிட்டரில் பாருங்கள், அழகாக இருக்கும்.

இப்போது ஒரு தேர்தல் கதை. அதற்கு முன் கொஞ்சம் பாடம். கெஸ்டால்ட் உளவியல் என்று ஜெர்மனியில் ஒரு சிந்தனைப் பள்ளி இருந்தது. அதன் முன்னோடி மேக்ஸ் வெர்த்தைமர் 1923ல் எழுதியது, இப்போது வடிவமைப்பு வகுப்புகளில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது: பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிடும். எந்தப் பெயருக்கு எந்தக் கட்டம் என்பதைக் கண் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, இடத்தை வைத்தே முடிவுகட்டிவிடும். 2000ம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் கவுன்ட்டியில் வாக்குச்சீட்டு தயாரித்தார்கள். வேட்பாளர் பட்டியல் நீளம். அங்கே வயதானவர்கள் அதிகம். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று தேர்தல் அதிகாரி நல்ல மனசோடு பெயர்களை இரண்டு பக்கமாகப் பிரித்து, துளையிட வேண்டிய இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார். பட்டாம்பூச்சி மாதிரி விரிந்த சீட்டு. இடது பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். நடுவில் முதல் துளை புஷ்ஷுக்கு. இரண்டாவது துளை வலது பக்கம் முதலில் இருந்த புக்கானனுக்கு. கோருக்கு மூன்றாவது.

இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளையைக் குத்தியவர்களை என்னவென்று சொல்வது? அந்தக் கவுன்ட்டியில் புக்கானனுக்கு 3,407 வாக்கு விழுந்தது. அதில் 2,000க்கு மேல் கோருக்குப் போக வேண்டியவை என்று அரசியல் அறிவியலாளர்கள் அடுத்த ஆண்டே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதிபர் யார் என்பதையே முடிவுசெய்த ஃப்ளோரிடா முழுக்க புஷ் ஜெயித்த வித்தியாசம் 537. வேறு எந்தத் துறையில் இருந்துகொண்டு நீங்கள் ஒரு துளையை இடம் மாற்றி வல்லரசு ஒன்றின் தலையெழுத்தில் கை வைக்க முடியும்? தப்பாகக் குத்தியவர்களைப் பற்றி அப்போது வந்த கேலிகளும் நினைவிருக்கலாம்: ஒரு சீட்டைக் கூடச் சரியாகப் படிக்கத் தெரியாத கிழவர்கள் என்று. எழுத்து பெரிதாக இருந்தது என்பதால் அந்தக் கேலி இன்னும் சுலபமாகிவிட்டது.

நம்மூர் வாக்கு இயந்திரத்தைப் பார்த்துக் கெட்டுப்போய்விடாதீர்கள். அதன் மீது வேறு வழக்குகளும் விவாதங்களும் இருக்கட்டும், அந்த முகப்பைப் பாருங்கள். ஒரே வரிசை, பெயருக்கு நேராகச் சின்னம், சின்னத்துக்கு நேராக நீலப் பட்டன், ஒரு பலகையில் 16 பேர், அமுக்கியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரியும் சீட்டு. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டியே வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் மனதில் வைத்து யோசித்தால் இப்படித்தான் ஆகும். நமக்கு ஒத்துவராது.

வரைபடம் போடும் வேலையும் உங்கள் தலையில் விழும். பெல் ஆய்வுக்கூடத்தின் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெகில்லும் 1984ல் ஒரு வரிசை கொடுத்தார்கள்: பொதுவான ஒரு அளவுகோலில் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைக் கண் மிகத் துல்லியமாக மதிப்பிடும், அடுத்து நீளம், அதற்கும் கீழே கோணம், பரப்பு, கடைசியில் கன அளவும் நிறமும். பட்டியலைத் தலைகீழாகப் பிடியுங்கள். கோணமும் கன அளவும் சேர்ந்தது முப்பரிமாணப் பை சார்ட். விற்பனை சரிந்த துண்டை முன்னால் வைத்தால் பெரிதாகத் தெரியும்.

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு அத்தியாயத்தைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்: விளக்கு எதைச் சொல்ல வேண்டும். 1979 மார்ச் 28, அதிகாலை நாலு மணி, பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையம். ஒரு கோளாறில் உலையின் அழுத்தம் ஏற, அதைத் தணிக்க ஒரு வால்வு திறந்தது. தணிந்ததும் மூட வேண்டும். மூடச் சொல்லி மின்சமிக்ஞை போனது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வின் விளக்கு அணைந்தது. வால்வு மூடவில்லை, சிக்கிக்கொண்டு திறந்தே கிடந்தது. ஏனென்றால் அந்த விளக்கு வால்வைப் பார்த்து எரியவில்லை. 'மூடு' என்ற உத்தரவு போய்விட்டதா என்பதை மட்டும் அது சொன்னது. குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வெளியேறிக்கொண்டிருந்தது. நீர் போய்ச் சேர்ந்த தொட்டியின் அளவுமானி முதன்மைப் பலகைக்குப் பின்புறம் இருந்தது. இன்னொரு விளக்கைப் பராமரிப்பு அட்டை ஒன்று தொங்கி மறைத்துக்கொண்டிருந்தது. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை மணிகள். அச்சாகிக்கொண்டிருந்த பதிவு நிகழ்வுகளுக்கு மணிக்கணக்கில் பின்தங்கிப்போனது. நீர் அதிகமாகிவிட்டது என்று தவறாகக் காட்டிய ஒரு அளவைப் பார்த்து, ஊழியர்கள் அவசர நீரையும் குறைத்தார்கள். உலையின் மையம் ஒரு பகுதி உருகிவிட்டது.

ஊழியர்களின் தவறு என்று முடித்திருக்கலாம். முதலில் அப்படித்தான் பேச்சும் கிளம்பியது. ஆனால் ஜான் கெமனி தலைமையில் போட்ட குழு, பயிற்சி, நிர்வாகம், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பு என்று ஒவ்வொன்றாகத் தோண்டிவிட்டது. கெமனி யார் தெரியுமா? சாதாரணப் பிள்ளைகளும் கணினியில் நிரல் எழுத வேண்டும் என்று பேசிக் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். இப்படிப்பட்ட ஆள் தலைவராக வந்தால் விளக்கை விட்டுவைப்பாரா?

உங்களுக்கு அந்த விளக்குதான் பாடம். பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து டிக் போடாதீர்கள். கோரிக்கை அனுப்பியதுமே பெரிய பச்சை டிக், கூடவே காகிதத் துணுக்குகள் பறக்கும் அனிமேஷன். பணம் கணக்கிலிருந்து கழிந்திருக்கும், டிக்கெட் வந்திருக்காது. 'மூன்று முதல் ஏழு வேலை நாட்களில் திரும்பும்' என்ற வாசகத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் காத்திருக்கவும் வையுங்கள். ஒரு நொடிக்குள் பதில் வந்தால் சிந்தனை அறுபடாது, பத்து நொடி தாண்டினால் கவனம் கலைந்துவிடும் என்று ராபர்ட் மில்லரும் பிறகு யாக்கோப் நீல்சனும் சொல்லிவைத்திருக்கிறார்கள். சுற்றிக்கொண்டேயிருக்கும் வட்டம், எவ்வளவு முடிந்தது என்று காட்டாதது, அதன் கீழே 'ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், பின் பட்டனை அமுக்காதீர்கள்'. பத்தாவது நொடியில் அவர் கட்டாயம் அமுக்குவார். பிறகென்ன, அவர்தானே அமுக்கினார்.

பிழைச் செய்தி எழுதும்போது எண்ணை மட்டும் கொடுப்பது மரபு. தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் இருந்தது. 1986ல் டெக்சாஸின் டைலர் நகரத்தில் அதை இயக்கியவரின் திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. கையேட்டில் அந்த எண்ணுக்கு நேராக இருந்தது ஓரிரு சொல், ஒன்றும் விளங்காதது. அந்த இயந்திரம் அடிக்கடி இப்படி ஏதாவது எண்ணைச் சொல்லி நிற்பதும், 'பி' விசையைத் தட்டினால் தொடர்வதும் வழக்கம். தட்டினார். உள்ளே படுத்திருந்தவர் மீது அளவுக்குப் பல மடங்கு மிஞ்சிய கதிர் இரண்டாம் முறையும் பாய்ந்தது. 1985க்கும் 87க்கும் இடையில் இப்படி ஆறு பேர் சிக்கினார்கள், சிலர் பிழைக்கவில்லை. இதில் கிண்டல் செய்ய எனக்கு எதுவும் அகப்படவில்லை. அடுத்ததற்குப் போகலாம்.

'நிச்சயமாகவா?' என்று கேட்கும் பெட்டி. இதை அடிக்கடி காட்டினால் யாரும் படிக்காமல் 'ஆம்' அமுக்கப் பழகிவிடுவார்கள். அதற்குப் பிறகு உண்மையான ஆபத்தையும் அதே பெட்டியில் காட்டலாம். 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. மென்பொருளின் அமைப்பின்படி, அசலை வெளியே அனுப்பாமல் உள் கணக்கிலேயே நிறுத்த மூன்று கட்டங்களில் டிக் போட வேண்டும். 'பிரின்சிபல்', 'ஃப்ரன்ட்', 'ஃபண்ட்'. அசலைப் பற்றிய விஷயம், 'பிரின்சிபல்' என்ற கட்டத்தில் போட்டால் போதும் என்று யாருக்கும் தோன்றுமில்லையா? போட்டார்கள். இந்தியாவில் இருந்த இரண்டு ஒப்பந்த ஊழியர்களும், அமெரிக்காவில் ஒரு மேலாளரும், ஆறு கண் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். எச்சரிக்கைப் பெட்டியும் வந்தது, பணம் வங்கியை விட்டு வெளியே போகும் என்று. எவ்வளவு என்பது மட்டும் அதில் இல்லை. வட்டி வெளியே போகத்தானே வேண்டும்? தொடர்ந்தார்கள். ஏறக்குறைய 90 கோடி டாலர் போய்விட்டது. வாங்கியவர்களில் பலர், எங்களுக்கு வர வேண்டிய கடன்தானே என்று 50 கோடியைத் திருப்பித் தர மறுத்தார்கள். 2021ல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று, 2022ல் மேல்முறையீட்டில் அது மாறுவதற்குள் வங்கிக்கு ஒன்றரை வருஷத் தூக்கம் போச்சு. மூன்று கட்டங்களுக்கும் புரிகிற மாதிரி பெயர் வைத்திருந்தால் இவ்வளவு செய்தி வந்திருக்குமா?

இதுவரை சொன்னதெல்லாம் தெரியாமல் நடப்பது. தெரிந்தே செய்வதற்குத் தனிப் பெயர் உண்டு; 2010ல் ஹேரி பிரிக்னல் அதற்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். சேர ஒரு கிளிக், விலக ஒரு யாத்திரை. அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்ய நாலு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தெரிவுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023ல் வழக்குப் போட்டது. அந்த வழிக்கு அலுவலகத்துக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்' என்றும் புகாரில் எழுதியது. பத்தாண்டு யுத்தத்தைப் பாடிய கிரேக்கக் காவியம்! நம்மாட்கள் செய்திருந்தால் 'மகாபாரதம்' என்று வைத்து, ரத்து பட்டனைப் பதினெட்டாம் நாளில் காட்டியிருப்பார்கள். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலரில் வழக்கு முடிந்தது. இந்தியாவிலும் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று விதி போட்டு, 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்துவிட்டது: போலி அவசரம் காட்டுவது, கூடையில் தெரியாமல் பொருள் சேர்ப்பது, 'வேண்டாம்' என்பவரை வெட்கப்படவைப்பது, விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது என்று போகிறது. இவ்வளவு தெளிவான விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. இலவசம் வேறு.

கடைசியாக, வெளியிடுவதற்கு முன் நாலு பேரை உட்காரவைத்துப் பார்க்கலாமே என்று கூட்டத்தில் எவராவது வாயைத் திறப்பார். செலவாகும் என்று தப்பிக்க முடியாது. நீல்சன் அந்த வழியையும் அடைத்துவிட்டார். ஐந்து பேர் போதும், குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்று கணக்கோடு சொல்லியிருக்கிறார். சரி, ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். ஆனால் உங்கள் மாடியிலிருந்தே, முடிந்தால் அந்த நிரலை எழுதியவர்களையே. பெரியப்பா வகையறா ஒருவர் எப்படியாவது உள்ளே வந்துவிட்டால் பக்கத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளுங்கள். இந்தச் சோதனையின் விதி, பார்ப்பவர் வாயைத் திறக்கக் கூடாது, அவர் எவ்வளவு திணறினாலும். இத்துறையில் இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை என்பார்கள். நீங்கள் கஷ்டப்படாதீர்கள். விரல் தப்பான பட்டனை நோக்கிப் போகும்போதே "அங்க இல்லைங்கய்யா, இதோ இங்க" என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். அஞ்சாவது எழுத்தை ஏன் கேட்கிறீர்கள் என்றால் சிரித்துக்கொண்டே நீங்களே போட்டுக்கொடுத்துவிடுங்கள். அறிக்கையில் 'ஐவரும் வெற்றிகரமாக முடித்தனர்' என்று எழுதி, முப்பரிமாணப் பை சார்ட் ஒன்று சேர்த்து மேலிடத்துக்கு அனுப்புங்கள். முழு வட்டமும் பச்சை.